தனியாகப் போகிறவருக்கு ஓர் அறை

நேயர்களுக்கு வணக்கம்.

"சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குத் தனியாகப் போகிறேன், எங்கே தங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களில் பெண்கள் அதிகம். அந்தக் கேளிக்கைப் பூங்கா இருப்பது செந்தோசா தீவில். வாசலுக்குப் பக்கத்திலேயே ஹோட்டல்கள் உண்டு. கைக்குழந்தையோடு போகிற குடும்பத்துக்கு அது பெரிய வசதி. ஆனால் அறை வாடகை பொதுவாக இருவருக்கென்று போட்டது. ஒருவர் தங்கினாலும் அதே தொகைதான். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணம் 10 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டி 9 சதவீதமும் சேரும். 200 டாலர் அறை கிட்டத்தட்ட 240 ஆகிவிடும்.

பூங்கா திறக்கும் நேரத்துக்கே ஓட வேண்டிய கட்டாயமும் தனி ஆளுக்குக் குறைவு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போன்ற சில சவாரிகளில் ஒற்றையாக வருபவர்களுக்குத் தனி வரிசை உண்டு. காலி இருக்கையில் சீக்கிரம் உட்கார்த்திவிடுவார்கள்.

அதனால் நான் சொல்வது லிட்டில் இந்தியா பக்கம். அங்கிருந்து ஊதா நிறப் பாதை ரயிலில் ஏறினால், வண்டி மாறாமல் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். மேலே விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்தில், தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். நடக்கப் பிடிக்கும் என்றால் கடல்மேல் போகும் நடைபாதையும் இருக்கிறது. இரவு திரும்பும்போதுதான் இந்த இடத்தின் அருமை தெரியும். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும், சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். நாள் முழுக்க நடந்த காலுக்கு, நிலையத்திலிருந்து அறை ஐந்து நிமிடமா பதினைந்து நிமிடமா என்பது பெரிய விஷயம். வரைபடத்தில் அதை அளந்து பாருங்கள்.

முதல் தடவை நான் விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்தேன். கதவைத் திறந்தால் ஜன்னலே இல்லை. அங்கே குறைந்த விலை அறைகள் பலவும் அப்படித்தான். கூட ஓர் ஆள் இருந்தால் பேச்சில் மறந்துபோகும். தனியாக இருந்த எனக்கு, விடிந்ததா இல்லையா என்றே தெரியாமல் மனம் கனத்துப்போனது. இப்போதெல்லாம் ஜன்னல் உள்ள அறைதான் எடுக்கிறேன். பத்து இருபது டாலர் கூடினாலும் சரி.

அப்புறம், பெட்டி. சென்னையிலிருந்து இரவு விமானத்தில் போனால் விடியற்காலையில் இறங்குவீர்கள். அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டிக்குக் காவலாக இன்னொருவர் இல்லை. அதுவரை வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

வணக்கம்.