கிளிக்கு வைத்த பெயர்

நடுவர் அவர்களே, எதிரணியில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே, நல்லூர் வீதியில் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று புறப்பட்டு இந்தப் பட்டிமண்டபத்தில் அகப்பட்டுக்கொண்ட பெரியோர்களே, வணக்கம்.

"மனத்துக்குப் பிடித்த சின்னப் பழக்கங்கள் களைய வேண்டியவையா, காக்க வேண்டியவையா?" இதுதான் வழக்கு. காக்க வேண்டியவை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தம் மாமியின் வீட்டைத் துப்புரவாக்கிய கதையைக் கோட்டை பிடித்தவர் போலச் சொன்னார். அலுமாரிக்கு மேலே பதினொரு பிஸ்கட் பேணிகள். ஒன்றிலும் பிஸ்கட் இல்லை. ஒன்றில் சட்டைத் தெறிகள், ஒன்றில் பழைய பஸ் டிக்கெட்டுகள், ஒன்றில் மகன் பாலர் வகுப்பில் எழுதித் தேய்த்த பென்சில் துண்டுகள். அத்தனையையும் ஒரே சனிக்கிழமையில் வெளியே எறிந்தாராம். நீங்களும் கைதட்டினீர்கள். அன்று இரவு மாமி என்ன செய்தார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் அறிந்த மாமிமார் எல்லோரும் டோர்ச் லைட்டோடு குப்பைக் கிடங்கடிக்குப் போயிருப்பார்கள்.

அதற்கு அவர் காட்டிய சான்று, பழையன கழிதலும் புதியன புகுதலும் என்ற சூத்திரம். ஐயா, அது நன்னூலின் கடைசிச் சூத்திரம். இதே நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் காண்டிகை உரை எழுதிய நூல் அது. இந்த மண்ணில் நின்று அதைப் பாதியில் வெட்டலாமா? அடுத்த அடியையும் சொல்லியிருக்க வேண்டும்: வழுவல, கால வகையினானே. மொழியில் பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமல்ல என்கிறார் பவணந்தியார். கழித்தே ஆகவேண்டும் என்று எங்கே சொன்னார்? கழிப்பது காலம். சனிக்கிழமை காலையில் மருமகன் கையிலிருக்கும் தும்புத்தடி அல்ல.

எங்கள் அணித் தலைவர் பேசும்போது, இந்தப் பழக்கங்கள் ஒருநாள் உதவும் என்றார். 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டதே, எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்துப் பழக்கம்தானே கைகொடுத்தது என்று கேட்டார். கேட்டது உண்மை. தொண்ணூறுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் எரிந்த நெருப்புக்குச்சிகளைச் சேர்க்கும் ஒரு பேணி இருக்கிறது. ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்குத் தீயை எடுக்கப் புதுக்குச்சியைச் செலவழிக்கலாமா என்ற கணக்கு. இன்று அடுப்பில் விசையைத் திருகினால் தீ வருகிறது. அம்மா இன்னமும் குச்சி சேர்க்கிறார்.

ஆனால் நடுவர் அவர்களே, என் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும், எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. பயன்படும் என்பதற்காகக் காக்கவேண்டும் என்றால், பயன்படாத அன்று எறியவேண்டும் என்று ஆகிவிடும். எதிரணியும் அதைத்தானே சொல்கிறது! ஒன்றுக்குமே உதவாத பழக்கத்துக்காகப் பேசுகிறேன் நான்.

கம்பனிடம் போவோம். யாழ்ப்பாணத்து மேடையில் கம்பன் வராவிட்டால் ஒலிவாங்கியே வேலை செய்யாது. அசோக வனத்தில் சீதை. அனுமன் கணையாழியைக் கொடுத்துவிட்டான், திரும்பிப் போகப்போகிறான். அவளைக் கண்டதற்கு இராமன் நம்பும்படி சில அடையாளச் செய்திகள் சொல்லி அனுப்பவேண்டும். வில் முறிந்த கதையைச் சொல்லலாம். ஆனால் அதைச் சபையே பார்த்தது, ஊரே அறியும். சீதை சொன்னவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? ஒரு கிளி. தன் செல்லக் கிளிக்கு யாருடைய பெயரை வைக்கலாம் என்று ஒருநாள் அவள் கேட்டாள். என் அன்னை கைகேயியின் பெயரை வை என்றான் அவன். எந்தக் கைகேயி? பின்னொரு நாள் காட்டுக்கு அனுப்பிய அதே கைகேயி! இலங்கையில் சிறையிருக்கும் ஒருத்தி, உயிர் போகும் நேரத்தில், கிளிக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்லி அனுப்புகிறாள். எதிரணி அங்கே இருந்திருந்தால், 'அம்மா, இந்தச் சில்லறைக் கதைகளைக் களைந்துவிட்டு விஷயத்துக்கு வாருங்கள்' என்றிருக்கும். அவளுக்கு அதுதான் விஷயம். இராவணன் எந்த வேடமும் போடுவான். அந்தக் கிளியின் பெயர் அவனுக்குத் தெரியாது.

இனி என் வீட்டுக் கதை. 1995 ஒக்டோபர் 30. போர் நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து ஊரைவிட்டு வெளியேற நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. அப்பா காணி உறுதியை எடுத்தார், அம்மா அரிசியை எடுத்தார். அம்மம்மா பாக்குவெட்டியை எடுத்தார். வாயில் ஒரு பல் கிடையாது. பாக்கை இடித்துத்தான் போடுவார், வெட்டத் தேவையே இல்லை. அந்தச் சனநெரிசலில் அதை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். இடையிடையே கையை விட்டு, இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் இருந்திருக்குமா தெரியாது.

அவர் இன்று இல்லை. பாக்குவெட்டி என்னிடம் இருக்கிறது. நான் வெற்றிலை போடுவதில்லை. காலையில் வேலைக்குப் புறப்படும்போது அதைக் கையில் எடுத்து ஒருமுறை திறந்து மூடுவேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், போய்விடுவேன். இதை வெளியில் சொல்வது இன்றுதான் முதல்முறை. என்னோடு வேலை செய்பவர்கள் நான்கு பேர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள், நாளைக்கு என்ன பாடு படப்போகிறேனோ.

திருமணமான புதிதில் மனைவிக்கு இது பெரிய பகிடி. சென்ற மாதம் ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மறந்து படலை வரைக்கும் ஓடிவிட்டேன். குசினியிலிருந்து அவரின் குரல்: "என்னப்பா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என் சம்பளத்தை வைத்தோ பட்டத்தை வைத்தோ அவர் கேட்கவில்லை. அந்த 'டக்' கேட்காததால், புறப்பட்டது நான்தானா என்று அவருக்கு ஐயம் வந்துவிட்டது. திரும்பி வந்து திறந்து மூடிவிட்டுத்தான் போனேன். பஸ்ஸும் போய்விட்டது.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து, பூனை குறுக்கே போனால் திரும்பி வருவதையும் காப்பீர்களா என்று கேட்பார். ஒற்றையில் குறித்து வைத்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. காக்கமாட்டோம். அது அச்சம். விடியற்காலை நான்கு மணிக்கு ஊருக்கே கேட்கும்படி வானொலி போடுகிறவரையும் காக்கமாட்டோம். அது அடுத்த வீட்டுக்காரரின் நித்திரை. கனடாவிலிருந்து வந்த எங்கள் மாமா, குளியலறையில் ஷவர் இருக்க, கிணற்றடிக்குப் போய் முதல் வாளியை வாழைக்கு ஊற்றிவிட்டு இரண்டாவது வாளியைத் தன் தலையில் ஊற்றினாரே, அதைக் காப்போம். வாழைக்குப் பக்கத்தில் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நடுவர் அவர்களே, நேரம் முடியப்போகிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் இன்னும் மணியைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தீர்கள். எனக்கு முன்னே பேசிய மூவருக்கும் அப்படித்தான்: துடைப்பு, பிறகு மணி. கண்ணாடியில் தூசு இருந்ததாகத் தெரியவில்லை. எதிரணிக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்வதானால் சொல்லுங்கள். எழுந்திருக்குமுன் அதைத் துடைக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம். நன்றி, வணக்கம்.