புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் தேர்வுக்கு டிஏடி என்று பெயர். அதற்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருவது எனக்கு நெடுநாள் பழக்கம். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?’ நான் திருப்பிக் கேட்பது, ‘அதில் எவ்வளவு நேரம் புத்தகம் மூடியிருக்கிறது?’ விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று சிலர் சிரிப்பார்கள். நிஜமாகவே கேட்கிறேன். இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் இதுதான்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்துவது. கணினியில் எழுத வேண்டும். முதலில் அறிவியல்: உயிரியல் 40, பொது வேதியியல் 30, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 30. ஆக 100 கேள்வி, 90 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகத் தேறாது. அப்புறம், வடிவங்களை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் பகுதி. அதைப் பிள்ளைகள் ‘பேட்’ என்பார்கள். பிறகு வாசிப்பு, கடைசியில் கணக்கு. 2025 மார்ச் முதல் மதிப்பெண்ணை 200-இலிருந்து 600 வரையிலான அளவில் தருகிறார்கள். அதற்கு முன்பு 30-தான் உச்சம். அதனால் முன்பே எழுதிய அண்ணன் யாராவது ‘நான் 21 வாங்கினேன்’ என்று பெருமையாகச் சொன்னால், பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நல்ல மதிப்பெண்.

சரி, மூடிய புத்தகத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், நல்ல உழைப்பாளி. அவளுடைய உயிரியல் புத்தகத்தைப் புரட்டினால், மஞ்சள் மை படாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருந்தாள். மாதிரித் தேர்வில் மட்டும் மதிப்பெண் நகரவில்லை. புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, ‘இதயத்தின் வலது மேலறைக்கு வந்த ரத்தம் அடுத்து எங்கே போகும், வழி சொல்லிக்கொண்டே வா’ என்றேன். வலது கீழறை வரை கிடுகிடுவென்று வந்தாள். அங்கிருந்து நுரையீரலுக்குப் போவது தமனி வழியா சிரை வழியா என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘பார்த்தால் தெரிந்துவிடும், அங்கிள்’ என்றாள்.

பார்த்தால் தெரிந்துவிடும்! இந்த ஒரு வாக்கியம் எத்தனை பிள்ளைகளைக் கவிழ்த்திருக்கிறது தெரியுமா? தேர்வில் நுரையீரல் தமனி ஒரு விடையாக இருக்கும், நுரையீரல் சிரை இன்னொரு விடையாக இருக்கும். இரண்டையும் பார்த்தால் தெரிந்த முகமாகத்தான் தோன்றும். இரண்டும் அதே பக்கத்தில் மஞ்சள் அடித்து வாசித்த பெயர்கள்தானே. கண்ணுக்குப் பழகியது வேறு, ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து எடுத்துச் சொல்ல முடிவது வேறு. (விடை தமனி. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது எதுவானாலும் அது தமனி.)

இது என் சொந்தச் சரக்கும் இல்லை. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மாணவர்களுக்கு ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி வாசித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி வாசித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். முந்தின நாள் இரவு ‘எல்லாம் தெரியும்’ என்று தூங்கப் போகும் பிள்ளை, அந்த ஐந்தாவது நிமிடத்தில் இருக்கிற பிள்ளை.

அந்தப் பெண் அப்புறம் பாடம் முடிந்ததும் வெள்ளைத் தாளில் நினைவிலிருந்ததை எழுதினாள். மறுநாள் ஒருமுறை, சில நாள் விட்டு இன்னொரு முறை. கஷ்டமாக இருக்கிறது என்று முதல் வாரம் புலம்பினாள். கஷ்டமாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

கூடவே ஒரு பிழை நோட்டு வேண்டும். மாதிரித் தேர்வில் தப்பான ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதுவும் சரியான விடையை அல்ல, தப்பு நடந்த காரணத்தை. ஒரு பையனின் நோட்டில் ‘மில்லிலிட்டரை லிட்டராக மாற்றவில்லை’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. வேதியியலே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன்! அவனுக்கு வராதது ஆயிரத்தால் வகுப்பது மட்டும்தான்.

இனி பேட். 60 நிமிடத்தில் 90 கேள்வி. 1970-களின் தொடக்கம் வரை இந்த இடத்தில் சாக்குக்கட்டியைச் செதுக்கிக் காட்டச் சொன்னார்கள். பல் மருத்துவர் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் கடைவாய்ப் பல்லைப் பார்த்து வேலை செய்கிறவர், ஆகவே வடிவம் கைவரவேண்டும் என்ற எண்ணம். இப்போது கத்தி இல்லை, மனம்தான். படம் இல்லாமல் சொல்லக்கூடியது ஒன்று: சதுரத் தாளை மடித்து ஓட்டை போட்டால், விரித்தபின் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும்? கையில் தாள் இருந்தால் இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, நடுவில் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். நான்கு வரும். ஒரு மூலையை மட்டும் மடித்தால்? தாள் இரண்டாகப் படிந்திருக்கும் இடத்தில் போட்டால் இரண்டு, ஒற்றையாக இருக்கும் இடத்தில் போட்டால் ஒன்றுதான். முதல் சில நாள் இப்படி நிஜத் தாளில் மடித்துப் பார்க்கலாம். அப்புறம் நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் தேர்வு அறையில் மடிக்கத் தாள் கிடையாது. கனசதுரங்களை எண்ணும் கேள்விக்கும் ஒரு வார்த்தை: கட்டிகளை அடுக்கி, வெளியே தெரியும் முகங்களுக்குச் சாயம் பூசியதாக வைத்துக்கொண்டு, ஒரே அடுக்கைப் பற்றிப் பல கேள்விகள் வரும். ஒவ்வொரு தடவையும் எண்ணாமல், எந்தக் கட்டிக்கு எத்தனை முகம் சாயம் என்று ஒரே தடவையில் குறித்து வைத்துக்கொண்டால் மற்றவை தானாக விழும். தினமும் அரை மணி நேரம் பழகினால் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுநாள் உட்காருவதைவிட அது மேல்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசிப்பையும் கணக்கையும் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன். வாசிப்பில் மூன்று கட்டுரை, 50 கேள்வி, 60 நிமிடம். ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் ஆனதும் நகர்ந்துவிடுங்கள். கணக்கில் 40 கேள்வி, 45 நிமிடம். கால்குலேட்டர் அந்தப் பகுதியில் மட்டும்தான் திரையில் வரும், ஆகவே வேதியியலுக்குப் பழகும்போது அதைத் தொடாதீர்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். வணக்கம்.