10ஜி கார்டு போட்டும் ஸ்பீடு வரலையா? வர்ற நம்பரை முதல்ல உத்துப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்னிக்கு வீடியோ கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா ஹோம் சர்வர்ல 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு, அதாவது 10ஜி கார்டு போட்டுட்டு ஸ்பீடு வரலன்னு கேக்குறவங்க கூடிட்டே போறாங்க. டேட்டா சென்டர்ல இருந்து கழட்டின இன்டெல் எக்ஸ்520, எக்ஸ்540, மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 கார்டெல்லாம் செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைக்குது, ஆளுக்கு ரெண்டு வாங்கி சர்வர்ல ஒண்ணு டெஸ்க்டாப்ல ஒண்ணுன்னு சொருகிடுறாங்க, ஸ்பீடு வரலன்னதும் அடுத்து ஸ்விட்ச்சை மாத்துறாங்க, கேபிளை மாத்துறாங்க, யாரோ சொன்னாங்கன்னு பத்து செட்டிங்கை மாத்துறாங்க, காசும் போயி கடைசில எது என்ன பண்ணுச்சுன்னே தெரியாம போயிடுது. அதைப் பாக்க நெஜமாவே கஷ்டமா இருக்கு. அதனால இன்னிக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு போறேன், அதாவது ஸ்பீடு டெஸ்ட்ல வர்ற நம்பர் இருக்கே, அது எவ்வளவு வருதுங்கறதை விட எப்படி வருதுங்கறதுலதான் பாதி பதில் இருக்கு.

இன்னிக்கு எடுத்துக்கற மெஷின் நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தரோடது. கல்யாண வீடியோ எடுக்குறவர், முகூர்த்த சீசன் வந்தா 4கே ஃபுட்டேஜ் மலை மாதிரி குவியும், எல்லாத்தையும் வீட்ல இருக்கற லினக்ஸ் சர்வர்ல போட்டு அங்க இருந்தே எடிட் பண்ணணும்னு ஆசை. பழைய டெஸ்க்டாப் போர்டுதான் சர்வர், அதுல எக்ஸ்540 கார்டு, எடிட் பண்ற பிசிலயும் அதே கார்டு, நடுவுல ஒரு 10ஜி ஸ்விட்ச். ஸ்விட்ச்ல லைட்டு 10ஜின்னு எரியுது, லிங்க் ஸ்பீடைக் காட்டுற ஈத்டூல் கமாண்டு போட்டா 10000 மெகாபிட்னு காட்டுது, ஆனா ஃபைல் காப்பி செகண்டுக்கு 400 எம்பியைத் தாண்ட மாட்டேங்குது.

இதுல முதல் வேலை, ஃபைல் காப்பியை வச்சு நெட்வொர்க்கை அளக்குறதை நிறுத்துறது. ஃபைல் காப்பின்னா அதுல டிஸ்க் இருக்கு, ஃபைலை நெட்வொர்க்ல ஷேர் பண்ற சம்பா இருக்கு, ப்ராசசர் இருக்கு, ரேம் கேஷ் இருக்கு, எல்லாம் சேர்ந்த குழம்புதான் அந்த நம்பர். வயரை மட்டும் தனியா அளக்கணும்னா ஐபெர்ஃப்3ன்னு ஒரு டூல் இருக்கு. சர்வர்ல ஐபெர்ஃப்3 போட்டு மைனஸ் எஸ், பிசில மைனஸ் சி போட்டு சர்வரோட ஐபி, அவ்வளவுதான். ரெண்டாவது தடவை கடைசில மைனஸ் பெரிய ஆர் சேத்து ஓட்டுங்க, அது எதிர்த் திசைல அளக்கும். இந்த ரெண்டாவதை நிறைய பேர் விட்டுடுறாங்க, தயவு செஞ்சு விடாதீங்க, ஒரு பக்கம் ஜம்முனு போயி மறு பக்கம் மட்டும் படுத்துக்கற கேஸ் நிறைய இருக்கு.

எவ்வளவு வரணும்? 10 ஜிகாபிட்ல, எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, வழக்கமான 1500 பைட்லயே இருந்தா, 9.4 ஜிகாபிட் வரும். ஒவ்வொரு பாக்கெட்லயும் ஹெடர், இடைவெளி எல்லாம் போக 1448 பைட் டேட்டாதான், வயர்ல அது பிடிக்கற இடம் 1538 பைட், வகுத்துப் பாருங்க 94 சதவீதம். 9.4 வந்துட்டா உங்க நெட்வொர்க் நல்லா இருக்குன்னு அர்த்தம், அதுக்கப்புறம் ஸ்விட்ச்சையும் கேபிளையும் தொடாதீங்க.

இப்ப ஃப்ரெண்டோட மெஷின்ல வந்ததைப் பாருங்க, ஸ்க்ரீன்ல காட்டுறேன். 3.2, 3.2, 3.2, 3.2. போற திசைலயும் அதே, வர்ற திசைலயும் அதே. ரீட்ரான்ஸ்மிட், அதாவது தொலைஞ்சு போய் திரும்ப அனுப்புன பாக்கெட் எண்ணிக்கை, அதைக் காட்டுற வரிசை இருக்கு பாருங்க, ஆர்-இ-டி-ஆர்னு போட்டிருக்கும், அது கிட்டத்தட்ட ஜீரோ. ஆட்டமே இல்லாம தட்டையா ஒரு கோடு போட்ட மாதிரி நிக்குது. இப்படி நின்னா எங்கயோ ஒரு கெட்டியான சுவரு இருக்கு, கேபிள் கெட்டுப்போனா இப்படி நிக்காது, அது ஏறும் இறங்கும், ரீட்ரான்ஸ்மிட் ஆயிரக்கணக்குல போகும்.

அந்த சுவரு என்னன்னு நம்பரே சொல்லுது. 941 மெகாபிட்னு வந்தா எங்கயோ 1 ஜிகாபிட் லிங்க் வழியா போகுது. 2.35 பக்கம் நின்னா 2.5 ஜிகாபிட். 3.2, 3.3 பக்கம்னு ஒரு எண்ணு வருதே, ஈத்தர்நெட்ல அப்படி ஒரு ஸ்பீடே கிடையாது, அப்ப அது வயர்ல இல்ல, மதர்போர்டுக்குள்ள இருக்கு. கார்டை மதர்போர்டோட இணைக்கற ஸ்லாட்டுக்குப் பேரு பிசிஐஇ, அதுல டேட்டா போற ஒவ்வொரு பாதையும் ஒரு லேன். பிசிஐஇ ரெண்டாம் தலைமுறைல ஒரு லேனுக்கு செகண்டுக்கு 5 ஜிகா டிரான்ஸ்ஃபர், அதுல 8 பிட்டுக்கு 10 பிட் அனுப்பணும், அதனால மிஞ்சறது 4 ஜிகாபிட், அதுலயும் பிசிஐஇ பாக்கெட்டோட ஹெடர் எல்லாம் போச்சுன்னா கைக்கு வர்றது மூணு சொச்சம். எக்ஸ்540 எட்டு லேன் கேக்குற கார்டு, அதுக்கு ஒரே ஒரு லேன்தான் கிடைச்சிருக்கு.

நம்பலைன்னா லினக்ஸோட கெர்னலே சொல்லும். டிமெசேஜ் (dmesg) கமாண்டு போட்டு அதுல பிசிஐஇன்னு தேடுங்க, இந்த லைனைப் பாருங்க: 4.000 ஜிகாபிட்தான் இருக்கு, 5.0 ஜிடி எக்ஸ்1 லிங்க்கால தடைபட்டிருக்கு, எக்ஸ்8 கிடைச்சா 32.000 வரைக்கும் முடியும். எக்ஸ்1னா ஒரு லேன், எக்ஸ்8னா எட்டு லேன். பூட் ஆகும்போதே எழுதி வச்சிடுது, யாரும் படிக்கறதில்ல. இன்னொரு வழி எல்எஸ்பிசிஐ மைனஸ் ரெண்டு வி (lspci -vv), சுடோ போட்டு ஓட்டுங்க. அதுல லிங்க் கேப்னு ஒரு லைன், அது கார்டால என்ன முடியும்னு சொல்லும், லிங்க் ஸ்டேட்டஸ்னு இன்னொரு லைன், அது இப்ப என்ன நடக்குதுன்னு சொல்லும். மேல எக்ஸ்8, கீழ எக்ஸ்1, பக்கத்துல டவுன்கிரேடட்னு வேற போட்டிருக்கு. ஈத்டூல் 10000ன்னு காட்டுனதும் பொய் இல்ல, அது கார்டுக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல இருக்கற பேச்சு, கார்டுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

சரி, ஏன் எக்ஸ்1? கேஸைத் திறந்து காட்டுறேன். கார்டு இருக்கறது அடியில, ஸ்லாட்டு பாக்க முழு நீளம், எக்ஸ்16 மாதிரியே இருக்கும். நீளத்தைப் பாத்து நம்பக்கூடாது, ஆறு வழிச் சாலையா இருந்தாலும் டோல்கேட்ல ஒரே கவுன்டர்தான் திறந்திருக்குன்னா என்ன ஆகுமோ அதுதான் இங்க. நிறைய போர்டுல கீழ் ஸ்லாட்டுக்கு சிப்செட்ல இருந்து நாலு லேன்தான் வரும், சிலதுல பக்கத்து சின்ன ஸ்லாட்டோட பங்கு போட்டு ஒரு லேனுக்கு இறங்கிடும், சிலதுல எம்.2 எஸ்எஸ்டி போட்டா ஸ்லாட்டே செத்துடும். எல்லாம் போர்டு மேனுவல்ல குட்டி எழுத்துல இருக்கும், பிடிஎஃப் இறக்கி எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்ஸ் பக்கத்தைப் படிங்க. சில பயாஸ்ல அந்த ஸ்லாட்டை எக்ஸ்1ல இருந்து எக்ஸ்4க்கு மாத்தற ஆப்ஷனே இருக்கும், இந்த போர்டுல இல்ல.

மேல இருக்கற நெஜ எக்ஸ்16 ஸ்லாட்டுல ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு உக்காந்திருக்கு. இது சர்வர், மானிட்டரே கிடையாது, ப்ராசசர்லயே கிராஃபிக்ஸ் இருக்கு, அப்புறம் அது எதுக்கு? கழட்டியாச்சு, எக்ஸ்540ஐ மேல மாத்தியாச்சு. பூட் பண்றோம். லிங்க் ஸ்டேட்டஸ் எக்ஸ்8. ஐபெர்ஃப்3... 9.41, 9.41, 9.41. பாருங்க, ஒத்த ரூபா செலவில்லை. எக்ஸ்8 எல்லாருக்கும் வேணும்னு இல்ல, ஒரு போர்ட் மட்டும் ஓட்டுனா ரெண்டாம் தலைமுறை எக்ஸ்4ஏ தாராளம், ஆனா எக்ஸ்1ல எந்த டிரைவரும் எந்த செட்டிங்கும் காப்பாத்தாது.

உங்க கேஸ்ல சரியா 941 வருதுன்னா கதை வேற. கேபிள் சரியா கிரிம்ப் ஆகாம லிங்க் ஸ்பீடே இறங்கியிருக்கலாம், அது ஈத்டூல்ல தெரிஞ்சிடும். ஈத்டூல் 10000ன்னு சொல்லியும் 941தான்னா, சர்வர்ல பழைய 1ஜி போர்ட்டும் புது 10ஜி போர்ட்டும் ஒரே 192.168.1 சப்நெட்ல, அதாவது ஒரே ஐபி கூட்டத்துல இருக்கான்னு பாருங்க. ரெண்டும் ஒரே சப்நெட்ல இருந்தா லினக்ஸ் பதிலை எந்த போர்ட் வழியா வேணா அனுப்பும், பிங் வரும், லாகின் ஆகும், எல்லாம் வேலை செய்யும், ஸ்பீடு மட்டும் வராது. ஐபி ரூட் கெட்னு போட்டு பிசியோட ஐபியைக் குடுங்க, எந்த வழியா போகுதுன்னு ஒரே லைன்ல சொல்லிடும். 10ஜிக்கு 10.10.10ன்னு தனி சப்நெட் குடுத்து, ஷேரை மவுன்ட் பண்ணும்போதும் அந்த ஐபியைப் போட்டே மவுன்ட் பண்ணிடுங்க.

நம்பர் நிலையா இல்லாம 8, 3, 6, 2ன்னு ஆடுது, ரீட்ரான்ஸ்மிட்டும் ஏறுதுன்னா அப்பதான் கேபிளையும் சூட்டையும் சந்தேகப்படணும். கேட்6ல 10ஜி அதிகபட்சம் 55 மீட்டர், கேட்6ஏல 100 மீட்டர், கேட்5இக்கு 10ஜி ஸ்டாண்டர்டுல இடமே இல்ல, சின்ன தூரத்துல ஓடிடும் அது வேற. நம்ம ஊர்ல முக்கியமா பாக்க வேண்டியது சிசிஏ கேபிள், அலுமினியத்து மேல செம்பு பூசினது, கேட்6னு எழுதி விலை கம்மியா குடுப்பாங்க. ஒரு துண்டு வெட்டி கம்பியைச் சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா வாங்காதீங்க. ஈத்டூல் மைனஸ் பெரிய எஸ் போட்டா சிஆர்சி எரர் கவுன்ட், அதாவது கெட்டுப்போய் வந்த பாக்கெட்டோட எண்ணிக்கை வரும், அது ஏறிட்டே இருந்தா கேபிளோ கனெக்டரோதான். சர்வரும் ஸ்விட்ச்சும் பக்கத்து பக்கத்துலயே இருந்தா, எஸ்எஃப்பி பிளஸ்னு வேற வகை சாக்கெட் இருக்கற கார்டு வாங்கி, ரெண்டு முனையும் ரெடியா பொருத்தி வர்ற டிஏசி கேபிள் போட்டுக்கறதுதான் என்னோட சாய்ஸ், சூடு கம்மி, கிரிம்பிங் பிரச்சனையே இல்ல.

சூடுன்னு சொன்னேன்ல, இந்த கார்டெல்லாம் ரேக் சர்வருக்காக செஞ்சது, அங்க ஃபேன் காத்து நேரா ஹீட்சிங்க் மேல வீசிட்டே இருக்கும். நம்ம டவர் கேஸ்ல அந்தக் காத்து கிடையாது, மே மாச வெயில்ல கார்டு மேல கை வைக்க முடியாது. ஒரு சின்ன ஃபேனை கார்டைப் பாத்து வைங்க. முதல் ரெண்டு நிமிஷம் நல்லா போயி அப்புறம் படுக்குதுன்னா இதைத்தான் முதல்ல பாப்பேன்.

இன்னொரு கேஸ், ஐபெர்ஃப்3ல ஒரு ஸ்ட்ரீம்ல, அதாவது ஒரே இணைப்புல 5தான் வருது, மைனஸ் பெரிய பி 4 போட்டு நாலு ஸ்ட்ரீம் ஓட்டுனா 9.4 வருது. அப்ப வயரு நல்லா இருக்கு, ஒரு ப்ராசசர் கோர் மூச்சு வாங்குது. ஆனா ஐபெர்ஃப் 3.16க்கு முந்தின வெர்ஷன்ல எத்தனை ஸ்ட்ரீம் போட்டாலும் எல்லாம் ஒரே த்ரெட்லதான் ஓடும், அதனால பழசை வச்சுட்டு முடிவு பண்ணாதீங்க. ப்ராக்ஸ்மாக்ஸ்ல விஎம், அதாவது மெஷினுக்குள்ள விர்ச்சுவல் மெஷின் ஓட்டுறவங்க, அதோட நெட்வொர்க் மாடல் இ1000ன்னு இருந்தா விர்ட்ஐஓக்கு மாத்துங்க.

ஜம்போ ஃப்ரேம், அதாவது பாக்கெட்டைப் பெருசாக்கறது பத்தி கேப்பீங்க. 9000 எம்டியூ வச்சா 9.4 போயி 9.9 வரும், அவ்வளவுதான் லாபம். நடுவுல ஒரு டிவைஸ் 1500ல இருந்தாலும் பிங் போகும், எஸ்எஸ்எச் லாகின் ஆகும், பெரிய ஃபைல் போட்டதும் அப்படியே தொங்கும், ஏன்னே புரியாது. வைக்கணும்னா பிங்ல ஃப்ராக்மென்ட் பண்ணாதேன்னு சொல்லி 8972 பைட் அனுப்பிப் பாருங்க, அது போனா வழி முழுக்க சரி. என்னைக் கேட்டா வீட்டுக்கு 1500 போதும்.

இப்ப ஃப்ரெண்டோட ஃபைல் காப்பிக்கு வருவோம். ஆரம்பத்துல செகண்டுக்கு 1 ஜிபி, சில செகண்ட் கழிச்சு 200 எம்பி. அவர் முகம் வாடிடுச்சு, ஆனா நெட்வொர்க் 9.41 குடுக்குதுன்னு நமக்குத் தெரியும், அதனால பதட்டமே வேண்டாம். முதல்ல போனது சர்வரோட ரேம்ல, ரேம் ரொம்பினதும் ஹார்ட் டிஸ்க் ஸ்பீடுக்கு வந்துடுச்சு. ஒரு ஹார்ட் டிஸ்க் 200 சொச்சம், சாட்டா எஸ்எஸ்டி 550, 10ஜியை நிரப்பணும்னா செகண்டுக்கு 1.1 ஜிபி எழுதணும், அதுக்கு பிசிஐஇ வழியா ஓடுற என்விஎம்இ எஸ்எஸ்டி வேணும். இப்ப எடிட் பண்ற ப்ராஜெக்ட் மட்டும் என்விஎம்இல, முடிஞ்ச கல்யாணமெல்லாம் ஹார்ட் டிஸ்க்லன்னு பிரிச்சுக் குடுத்துட்டேன், ஸ்விட்ச் மாத்த வச்சிருந்த காசு அதுக்குப் போயிடுச்சு.

உங்க மெஷின்ல பிரச்சனைன்னு எனக்கு எழுதுறவங்க, ஸ்லோவா இருக்குன்னு மட்டும் எழுதாதீங்க, ஐபெர்ஃப்3 ரெண்டு திசைலயும் வந்த முழு அவுட்புட், லிங்க் ஸ்டேட்டஸ் லைன், கார்டு எந்த ஸ்லாட்டுல இருக்கு, இந்த மூணையும் சேத்துப் போடுங்க, ஒவ்வொண்ணா உக்காந்து பாத்து பதில் சொல்றேன்.