வெளியே உட்கார்ந்திருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 ஜூன் மாதம், பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஆப்கானிஸ்தான் கிரிக்கெட்டில் தன் முதல் டெஸ்ட் போட்டியை, அதாவது ஐந்து நாள் ஆட்டத்தை, ஆடியது. எதிரே இந்தியா. ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தானே என்று, இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்கள் சிலர் சனிக்கிழமை போவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். ஆட்டம் வியாழக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஷிகர் தவான் சதம் அடித்தார். நம்ம சென்னை முரளி விஜய்யும் சதம். இந்தியா 474. ஆப்கானிஸ்தான் 109, திரும்ப ஆடச் சொன்னால் 103. இரண்டு இன்னிங்ஸும் ஒரே நாளில் காலி.

மறுநாள் டீக்கடையில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். "இவங்களுக்கெல்லாம் எதுக்கு டெஸ்ட்?" இந்தக் கேள்வி இன்றைக்கும் ஓயவில்லை. 2025 ஜூலையில் ஜமைக்காவில் வெஸ்ட் இண்டீஸ் 27 ரன்னுக்குச் சுருண்டபோது வந்தது. அதே மாதம் புலவாயோவில் தென்னாப்பிரிக்காவின் வியான் முல்டர் ஜிம்பாப்வேயை அடித்து நொறுக்கி, ஆட்டமிழக்காமல் 367 ரன்னில் போதும் என்று டிக்ளேர் செய்தபோதும் வந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்த பெங்களூரு டெஸ்டில் என் கண்ணில் பட்டது 109-ம் 103-ம் இல்லை. ரஷீத் கான். அந்த அணியின் சுழல் பந்து வீச்சாளர். அப்போது இருபது ஓவர் ஆட்டமான டி20-யில் அவரை அடிக்க உலகமே திணறிக்கொண்டிருந்தது. அங்கே அவருக்கு ஒரு ஆட்டத்துக்கு நான்கு ஓவர்தான். பெங்களூரில் கிட்டத்தட்ட 35 ஓவர் போட்டார். 154 ரன் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்தார். அவருடைய கை மாறிவிடவில்லை. ஆனால் நான்கு ஓவரில் அவரைப் பார்த்துப் பயந்த பேட்ஸ்மேன், நாள் முழுக்க நேரம் இருக்கிறது என்றதும், இவர் முடியட்டும், அடுத்தவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நிதானமாக நின்றுவிட்டார்.

நம்ம பக்கத்தில் ஏரி வற்றினால் அதிலேயே பிட்ச் போட்டு டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடத்துகிறோம். எட்டு ஓவர் ஆட்டம். அதில் ஒரு நல்ல பவுலரும் ஓங்கி அடிக்கிற இரண்டு பேரும் இருந்தால், பாலக்கோடு பக்கத்து சின்ன கிராமத்து டீம் டவுன் டீமைத் தோற்கடித்துவிட்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வருஷா வருஷம் பார்க்கிறோம். அதே இரண்டு டீமையும் ஒரு நாளைக்குத் தொண்ணூறு ஓவர் வீதம் ஐந்து நாள் ஆடச் சொல்லுங்கள். கிராமத்து டீம் ஜெயிக்கவே ஜெயிக்காது. ஆட்டம் நீள நீள அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைந்துவிடும். டெஸ்டில் பலமான அணிக்கும் பலவீனமான அணிக்கும் இடைவெளி பெரிதாகத் தெரிவதில் பாதிக் காரணம் இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

மீதிப் பாதிதான் விஷயம். டெஸ்டில் ஜெயிக்க இருபது விக்கெட் எடுக்க வேண்டும். புதுப் பந்தை வைத்து முதல் இரண்டு பவுலர்கள் மிரட்டுவது எல்லா நாட்டிலும் நடக்கும். அறுபதாவது ஓவருக்கு வாருங்கள். பந்து பழசாகி, தையல் அமுங்கி, வெயில் ஏறியிருக்கிறது. அந்த இரண்டு பேரும் ஆளுக்குப் பதினைந்து ஓவர் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். கேப்டன் மூன்றாவது ஆளைக் கூப்பிடுகிறார். அந்த மூன்றாவது ஆள் ஓவரில் ஐந்து பந்தை ஒழுங்காகத்தான் போடுவார். ஆறாவது பந்து காலுக்கு நேராகப் போகும். நான்கு ரன். முப்பது ஓவர் இப்படிப் போட்டால் 120 ரன். ஸ்கோர் கார்டில் "பேட்டிங் சொதப்பல்" என்று நாம் படிக்கிற பல தோல்விகள் இந்த 120 ரன்னில் ஆரம்பித்தவை.

அப்படியானால் மூன்றாவது, நான்காவது ஆள் எங்கிருந்து வருவார்?

2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த பிரிஸ்பேன் டெஸ்டை நினைத்துப் பாருங்கள். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி எல்லோரும் காயம். இந்தியா இறக்கிய ஐந்து பவுலர்களும் அதுவரை ஆடிய டெஸ்டுகளை மொத்தமாகக் கூட்டினால் நான்கு. அதில் முதல் டெஸ்ட் ஆடிய ஒருவர் நமக்குப் பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் அழைத்துப் போனார்கள். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அதில் ஒன்று சதம் அடித்திருந்த லபுஷேன். இன்னொரு புதுமுகம் வாஷிங்டன் சுந்தர் மூன்று விக்கெட்டும் எடுத்து 62 ரன்னும் அடித்தார். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்றது அன்றைக்குத்தான். நாம் நடராஜனைக் கொண்டாடினோம், சரி. ஆனால் ஒரு நாட்டில் வலைப்பயிற்சிக்கு வந்த பவுலரே இந்தத் தரத்தில் இருக்கிறார் என்பதுதான் எதிரணிக்கு உண்மையான பயம். பலமான அணியின் பலம் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது.

அதே பிரிஸ்பேனில் 2024 ஜனவரி 28. வெஸ்ட் இண்டீஸ் ஆஸ்திரேலியாவை எட்டு ரன்னில் வென்றது. ஏழு விக்கெட் எடுத்தவர் ஷமர் ஜோசப். கயானாவில் படகில் போக வேண்டிய ஒரு கிராமத்துக்காரர். கொஞ்ச காலத்துக்கு முன்பு வரை செக்யூரிட்டி வேலை பார்த்தவர். ஆக, திறமை அங்கேயும் முளைக்கிறது. பிறகு என்ன ஆனது? அது இரண்டு டெஸ்ட் தொடர். ஒன்றுக்கு ஒன்று. யார் பெரியவர் என்று தீர்மானிக்க மூன்றாவது ஆட்டமே கிடையாது. வெஸ்ட் இண்டீஸ் அடுத்த டெஸ்ட் ஆடியது ஜூலை 10, லார்ட்ஸில். நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல் ஒன்றுமில்லை. சூடு பிடித்த பையனை ஐந்து மாதம் சும்மா விட்டால் எந்த ஊர் கோச்சும் தலையில் அடித்துக்கொள்வார்.

ஏன் ஆடவில்லை என்றால், பணம். தொடரை நடத்துகிற நாட்டு வாரியத்துக்கே டிவி வருமானம் முழுக்கப் போகும். விருந்தாளி அணிக்கு அதில் பங்கு கிடையாது. ஆஸ்திரேலியாவில் மைதானம் நிறைந்து வழிந்தாலும் வெஸ்ட் இண்டீஸுக்கு ஒரு காசு வராது. சின்ன நாடு தன் ஊரில் டெஸ்ட் நடத்தினால் கைக்காசு போகும். 2025-ல் ஆப்கானிஸ்தானை அழைத்து ஆடவேண்டிய தொடரை அயர்லாந்து பணக் காரணம் சொல்லியே கைவிட்டது. உலக கிரிக்கெட்டை நிர்வகிக்கிற ஐசிசியின் வருமானத்தில் 2024 முதல் 2027 வரை இந்தியாவின் பங்கு 38.5 சதவீதம், அடுத்த இடத்தில் உள்ள இங்கிலாந்துக்கு 7 சதவீதம்கூட இல்லை என்று செய்தி வந்தது. சந்தை நம்முடையது, பார்க்கிறவர்களும் நாம்தான், அதனால் பங்கும் நமக்குத்தான் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இவ்வளவு பெரிய நியாயம் இருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

2023-25 டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் இங்கிலாந்து 22 டெஸ்ட் ஆடியது, தென்னாப்பிரிக்கா 12. அந்தப் பன்னிரண்டை வைத்தே தென்னாப்பிரிக்கா இறுதிக்குப் போய் லார்ட்ஸில் கோப்பையையும் வாங்கிவிட்டது என்பது வேறு கதை. அது சந்தோஷம்தான், ஆனால் எல்லோருக்கும் ரபாடா மாதிரி ஒரு பவுலர் கிடைக்க மாட்டார்.

பணமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. நியூசிலாந்தைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மூன்று மாவட்டத்து மக்களைக் கூட்டினால் அந்த நாட்டைவிட அதிகம். 2024 அக்டோபரில் பெங்களூரில் இந்தியாவை 46 ரன்னில் சுருட்டினார்கள். அப்புறம் புனே, அப்புறம் மும்பை. மூன்றுக்கு மூன்று. சொந்த மண்ணில் இந்தியா இப்படி ஒரு தொடரைக் கண்டதே இல்லை. ஆறே ஆறு அணிகள் ஆடும் உள்நாட்டுப் போட்டியை அவர்கள் விடாமல் நடத்தி வருகிறார்கள். நான்கு நாள் ஆட்டத்தில் பழகியவர்கள்தான் மேலே வருகிறார்கள். அயர்லாந்தில் அப்படிப்பட்ட உள்நாட்டு ஆட்டம் பல ஆண்டுகள் நடக்கவே இல்லை. 2019-ல் லார்ட்ஸில் இங்கிலாந்தை 85 ரன்னுக்கு ஆல் அவுட் ஆக்கிவிட்டு, இரண்டாவது இன்னிங்ஸில் தாங்களே 38-க்கு விழுந்தார்கள். ஒரு நாள் நன்றாக ஆடத் தெரிந்தது. மூன்றாம் நாளுக்குப் பழக்கம் இல்லை.

இந்த நியூசிலாந்து முதல் டெஸ்ட் ஆடியது 1930-ல். முதல் வெற்றி 1956-ல். இருபத்தாறு வருஷம்! அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1955-ல், ஆக்லாந்து ஈடன் பார்க்கில் இங்கிலாந்திடம் 26 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனவர்கள் அவர்கள். டெஸ்ட் வரலாற்றில் இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த ஸ்கோர். நாம் மட்டும் என்ன? 1932-ல் தொடங்கி, 1952-ல் சேப்பாக்கத்தில் வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட் எடுத்த பிறகுதான் ஒரு வெற்றியைப் பார்த்தோம். இருபத்தைந்தாவது டெஸ்ட் அது. அப்போது யாராவது "இவர்களுக்கு எதற்கு டெஸ்ட்" என்று கதவைச் சாத்தியிருந்தால்?

ஆப்கானிஸ்தான் அந்த அளவுக்குக்கூட நம்மைக் காக்க வைக்கவில்லை. பெங்களூரில் அடி வாங்கிய அடுத்த வருஷமே அயர்லாந்தையும், பிறகு வங்கதேசத்தை அவர்கள் சொந்த ஊர் சட்டோகிராமிலும் வென்றார்கள். அயர்லாந்து 2024-ல், தன் எட்டாவது டெஸ்டில் முதல் வெற்றியைப் பெற்றது.

பலமானவர்கள் ஒரு பிரிவு, மற்றவர்கள் ஒரு பிரிவு என்று பிரித்துவிடலாம் என்கிற யோசனை அவ்வப்போது எழும். 2016-ல் எழுந்து அடங்கியது, பிறகும் பேசினார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கீழ்ப் பிரிவுக்குப் போகிற அணிக்கு இந்தியாவும் வராது, ஆஸ்திரேலியாவும் வராது. அவர்கள் வராவிட்டால் டிவிக்காரரும் வரமாட்டார். மேலே ஏறி வர ஏணி இருக்கிறது என்பார்கள், ஏறுவதற்குத் தெம்பு யார் கொடுப்பது?

எனக்குத் தோன்றுவது இரண்டே காரியம். இரண்டு டெஸ்ட் தொடர் என்பதையே ஒழித்து, குறைந்தது மூன்று என்று வைக்க வேண்டும். விருந்தாளி அணிக்கு டிவி வருமானத்தில் ஒரு பங்கு தர வேண்டும். பெரிய வாரியங்கள் ஒப்புக்கொள்ளாது என்று தெரியும். அதுவரை நம்முடைய இரண்டாம் வரிசை அணியான இந்தியா ஏ அணியையாவது ஜிம்பாப்வேயின் ஹராரேவுக்கும் அயர்லாந்தின் டப்ளினுக்கும் நான்கு நாள் ஆட்டங்களுக்கு அனுப்பலாம். நமக்கும் அடுத்த நடராஜன் கிடைப்பார், அவர்களுடைய மூன்றாவது பவுலருக்கும் அறுபதாவது ஓவர் பழகும். அதற்கு ஐசிசி கூட்டம் தேவையில்லை. மும்பையில் இருக்கிற நம் வாரியத்தில் ஒரு கையெழுத்து போதும்.

நன்றி, வணக்கம்.