கூடாரத்துக்குள் புதைத்த பொன்

(சென்னை பெரம்பூரில் லெந்து கால, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்கால, மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பான பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, வாலிபப் பிள்ளைகளே,

யோசுவாவின் புத்தகம் ஏழாம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். எரிகோவின் மதில் விழுந்த ஆறாம் அதிகாரத்தை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கைதட்டிப் பாடியிருக்கிறோம். ஏழாம் அதிகாரத்தை யாரும் பாடுவதில்லை.

எரிகோவுக்கு அடுத்து ஆயி என்று ஒரு சிறிய ஊர். வேவு பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து, "எல்லா ஜனமும் போகவேண்டாம், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும்" என்றார்கள். ஏறக்குறைய 3,000 பேர் போனார்கள். அடிபட்டு ஓடிவந்தார்கள். ஏறக்குறைய 36 பேர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய பெயர்கள் வேதத்தில் இல்லை. ஆனால் அந்த இரவில் 36 கூடாரங்களில் அழுகை எழுந்திருக்கும். எந்தத் தாய்க்கும் தன் மகன் ஏன் செத்தான் என்று தெரியாது. இஸ்ரவேலரை நடத்திவந்த யோசுவாவுக்கே தெரியாது, அவர் முகங்குப்புற விழுந்து கிடந்தார். காரணம் யூதா கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவனுடைய கூடாரத்தில், மண்ணுக்கு அடியில் இருந்தது.

அவன் பெயர் ஆகான். எரிகோவின் கொள்ளையிலே நேர்த்தியான ஒரு பாபிலோனிய சால்வையைக் கண்டேன், இருநூறு வெள்ளிச் சேக்கலைக் கண்டேன், ஐம்பது சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளத்தைக் கண்டேன், இச்சித்தேன், எடுத்துக்கொண்டேன், கூடாரத்தின் நடுவிலே புதைத்தேன் என்று பின்னால் அவனே சொல்கிறான். ஐம்பது சேக்கல் பொன் அரைக் கிலோவுக்கும் அதிகம். நம்முடைய வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 70 சவரன். இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு அதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

பாவத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் அது அருவருப்பானது, நாற்றமடிப்பது என்றே சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வெளியே போய்ப் பார்க்கிறான்; அது அழகாக இருக்கிறது. உடனே போதகர் சொன்னதெல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறான். வேதம் அப்படிப் பேசுவதில்லை. அந்தச் சால்வை நேர்த்தியானது என்றே எழுதியிருக்கிறது. எபிரெயர் நிருபம் பாவத்தில் சந்தோஷம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அது அநித்தியமானது என்கிறது. "திருட்டுத்தண்ணீர் தித்திக்கும்" என்கிறது நீதிமொழிகள். வாலிபப் பிள்ளைகளே, தித்திக்கிறது என்பதை நாங்களும் அறிவோம். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

ஆகானை நான் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க விரும்புகிறேன். அவனுடைய தலைமுறை வனாந்தரத்தில் வளர்ந்தது. 40 வருஷம் அவர்களுடைய வஸ்திரம் பழையதாய்ப் போகவில்லை என்று உபாகமம் சொல்கிறது. அது பெரிய கிருபை. ஆனால் புதுத் துணி என்ற ஒன்றை அதிகம் பார்க்காத கண்கள் அவை. அந்தக் கண்களுக்கு முன்னால் ஒரு பாபிலோனிய சால்வை கிடக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. எரிகோவின் பொன்னும் வெள்ளியும் கர்த்தருடைய பொக்கிஷத்துக்குச் சேரவேண்டும் என்று கண்டிப்பான கட்டளை இருந்தது. ஆயினும் இவ்வளவு கொள்ளையில் ஒரு பாளம் குறைந்தால் யார் எண்ணப்போகிறார்கள்? இழுப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை. இந்த இரண்டையும் நம்பாமல் மனமறிந்து பாவத்துக்குள் இறங்கினவர் இந்த ஆலயத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஏதேனில் ஏவாள் கனியைக் கண்டாள், பறித்தாள், பிறகு இருவரும் மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டார்கள். தாவீது ராஜா மாடியிலிருந்து பத்சேபாளைக் கண்டான், ஆளனுப்பி அழைப்பித்தான், பிறகு மறைப்பதற்காக அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொன்றான். காண்பதிலிருந்து எடுப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். மறைப்பதற்குத்தான் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

அந்தச் சால்வையை ஆகான் ஒரு நாளாவது போட்டுக்கொண்டானா? போட முடியாது. பாளையத்தில் பாபிலோனிய சால்வையோடு ஒருவன் நடந்தால் அத்தனை பேரும் கேட்பார்கள். பொன்னை விற்க முடியுமா? யாரிடம்? தன் கூடாரத்தின் நடுவில், தான் படுக்கிற இடத்துக்குக் கீழே ஒரு செல்வத்தை வைத்துக்கொண்டு அதில் ஒரு குன்றிமணிகூட அனுபவிக்க முடியாதவனாக இருந்தான். யாராவது வாசலில் நின்று பேர் சொல்லி அழைத்தால் அவன் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்!

இந்த நகரத்தில் நான் அறிந்த ஒரு குடும்பம். கணவர் நல்ல வேலையில் இருந்தவர். கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டு விளையாட ஆரம்பித்தார். முதலில் ஜெயித்தார், எல்லாரையும் போல. பிறகு தோற்றதை மீட்பதற்காக விளையாடினார். மகளின் கல்யாணத்துக்கென்று மனைவி சேர்த்து வைத்திருந்த நகைகளை அடகுக்கடைக்குக் கொண்டுபோய், அந்த இடத்தில் அதே மாதிரி கவரிங் நகைகளை வாங்கி வைத்துவிட்டார். பீரோ பூட்டியே இருந்தது. யாருக்கும் தெரியாது. குடும்ப ஜெபத்தில் அவரே வேதம் வாசிப்பார். ஆனால் மனைவி ஏதாவது ஒரு விசேஷத்துக்காகச் சாவிக்கொத்தை எடுக்கும்போதெல்லாம் ஒரு சாக்குச் சொல்லிச் சண்டை பிடிப்பார். தன் கணவருக்குத் தன்மேல் இருந்த அன்பு போய்விட்டது என்றே அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நகை போனதைவிட, காரணம் தெரியாமல் அழுத அந்த நாட்களே அதிகம் வலித்தன என்று என்னிடம் சொன்னார். ஆயியில் விழுந்தவர்களின் தாய்மாரைப் போலவே இவரும் வேறொருவர் புதைத்ததற்காக அழுதிருக்கிறார்.

இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. நான் அதை வரவேற்கிறேன். இன்னும் கடுமையாக அமல்படுத்தவேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் திரைக்குச் சட்டம் எவ்வளவு தூரம் வரும்? அந்த இடத்தில் தேவபயம் ஒன்றுதான் துணை.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். ஆகான் எடுத்தது கர்த்தருடைய பொக்கிஷத்துக்கென்று பிரித்து வைக்கப்பட்டதை. காணிக்கைக் கணக்கு எழுதுகிறவர்களே, சபையின் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் கையெழுத்துப் போடுகிறவர்களே, இந்த அதிகாரம் முதலாவது நமக்குத்தான். சூதாடுகிற தம்பியை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன் நம்முடைய கணக்குப் புத்தகங்களைத் திறந்து வைப்போம்.

அடுத்த அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. எட்டாம் அதிகாரம், இரண்டாம் வசனம். ஆயியின் கொள்ளையையும் மிருகஜீவன்களையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கர்த்தர் சொல்கிறார். எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் மனம் உடைந்துபோகிறது. ஒரே ஒரு ஊருக்குப் பொறுத்திருந்தால் போதும். தேவன் கையால் கொடுக்கப்போகிறதை அவன் திருடிப் புதைத்தான்.

பொறுமை அவனிடம் இல்லை, தேவனிடம் இருந்தது. குற்றவாளியின் பெயரைக் கர்த்தர் உடனே சொல்லிவிடவில்லை. "நாளைக்குச் சுத்தம்பண்ணிக்கொள்ளுங்கள்" என்று ஒரு முழு இரவு கொடுக்கப்பட்டது. விடிந்ததும் கோத்திரம் கோத்திரமாக வந்தார்கள், சீட்டில் யூதா குறிக்கப்பட்டது. பிறகு சேராவின் வம்சம். பிறகு சப்தியின் வீடு. ஒவ்வொரு படியிலும் அவன் முன்னால் வந்து விழுந்திருக்கலாம். கடைசியில் தன் பெயர் வரும்வரை வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கையை நாம் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறோம். நல்லது, அது வேண்டும். ஆனால் அந்த ‘நாங்கள்’ என்ற கூட்டத்துக்குள் ‘நான்’ ஒளிந்துகொள்ளவும் முடியும். யூதா கோத்திரத்துக்குள் ஆகான் ஒளிந்து நின்றதைப் போல.

அவனோடு அவன் குமாரரும் குமாரத்திகளும் ஆகோர் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கல்லெறிந்து கொல்லப்பட்டார்கள் என்று வாசிக்கிறோம். இந்த இடத்தில் நான் நடுங்குகிறேன். வேகமாகக் கடந்துபோக எனக்குத் துணிவில்லை. மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி மூலம் அதே தேவன் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நியாயத்தீர்ப்பில் பிள்ளைகள் தகப்பனுக்காக நிற்கப்போவதில்லை. ஆனால் பூமியில் தகப்பன் வாங்கிய கடனுக்காகக் கல்லூரியை விட்டு நின்ற பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று பவுல் எழுதினார். அந்தச் சம்பளத்தின் ஒரு பங்கு வீட்டில் உள்ளவர்கள் கையிலும் விழுந்துவிடுகிறது.

ஆனால் எரிகோவில் இன்னொருவனும் இருந்தான். அதே ஊர். பல நூற்றாண்டுகள் கழித்து, வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவனாகிய சகேயு. ஆகான் ஒருமுறை திருடினான். சகேயு திருட்டையே உத்தியோகமாக வைத்திருந்தான். இயேசு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். வெளியே ஜனங்கள் முறுமுறுத்துக்கொண்டிருக்க, சகேயு எழுந்து நின்று தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். யாரும் சீட்டுப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அவனே தன் கூடாரத்தைத் தோண்டி எடுத்து வெளியே வைத்தான். ஆகான் திருடித் தன் வீடு முழுவதையும் அழிவுக்குள்ளாக்கிய அந்த எரிகோவிலே, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் சொன்னார். வீட்டுக்கு வந்தது, கவனியுங்கள். பாவம் வீட்டை இழுத்துக்கொண்டு போகிறதென்றால், மனந்திரும்புதலும் வீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

மன்னிப்பு கிடைத்தால் கணக்கு எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் ஏமாற்றமாட்டேன். தேவன் தாவீதை மன்னித்தார், ஆனாலும் பத்சேபாளிடம் அவனுக்குப் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. நான் சொன்ன அந்தச் சகோதரர் மனைவியின் காலடியில் விழுந்து உண்மையைச் சொன்னார். இன்றைக்கும் மாதந்தோறும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் பீரோவின் சாவி இப்போது ஆணியில் தொங்குகிறது.

இந்த நாற்பது நாட்களில் பலர் மாமிசத்தை விட்டிருக்கிறீர்கள், சிலர் காப்பியை விட்டிருக்கிறீர்கள். அதோடு இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். யாரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டுமோ அவர் பெயரை எழுதுங்கள். யாரிடம் உண்மையைச் சொல்லவேண்டுமோ, அவரிடம் போங்கள். தனியாகப் போகத் துணிவில்லை என்றால், கூட்டம் முடிந்தபின் போதகர் ஐயாவும் நானும் ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் இருப்போம். வருகிற கடைசி ஆள்வரை இருப்போம். நீங்கள் சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது. ஜெபித்துவிட்டு, தேவைப்பட்டால் உங்களோடு உங்கள் வீடுவரை நடந்து வருவோம்.