அழுத அம்மாவும் கையில் உளியும்
(மட்டக்களப்பு கல்லடியில் ஓவிய மாணவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் இருப்பவர்களுக்குத் திரை தெரியாவிட்டால் முன்னுக்கு வந்து பாயில் இருங்கள். படம் தெரியாமல் நான் பேசி என்ன பயன்?

ஜெர்மன் ஓவியர் கெதே கோல்விட்ஸ் என்றதும் ஞாபகத்துக்கு வருவது பிள்ளையை இழந்து அழும் தாய். நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. மகனின் போட்டோவை நெஞ்சோடு பிடித்தபடி வீதியோரம் நிற்கும் அம்மாமாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கோல்விட்ஸ் என்ற அந்த அம்மா எந்தக் கருவியால் அழுவது என்று வருடக்கணக்காகத் தேடியவர். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

1867இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். பெர்லினிலும் மியூனிக்கிலும் ஓவியம் படித்தார். நிறம் அவருக்கு வசப்படவில்லை, கோடு வசப்பட்டது. அப்படித்தான் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ கீறித் தாளில் அச்செடுக்கும் அச்சோவியத்துக்கு வந்தார். 1891இல் டொக்டர் கார்ல் கோல்விட்ஸை மணந்து, பெர்லினில் கூலித்தொழிலாளர் வாழும் பகுதியில் குடியேறினார். கணவரிடம் மருந்துக்கு வந்த பெண்களின் முகங்கள் பிறகு படங்களில் வரத் தொடங்கின.

1893இல் ஒரு நாடகம் பார்த்தார். சைலீசிய நெசவாளர் 1844இல் செய்த கிளர்ச்சிதான் கதை. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நெசவாளர் வரிசையைத் தொடங்கினார். மொத்தம் ஆறு படங்கள்: மூன்று கல்லச்சு (கல்லில் வரைந்து அச்செடுப்பது), மூன்று செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்தவை. முதல் படத்தைப் பாருங்கள். கட்டிலில் நோயாளிப் பிள்ளை, தலையில் கைவைத்துக் குனிந்திருக்கும் தாய், பின்னால் அறையையே விழுங்கி நிற்கும் தறி. நெசவுக்குப் பேர்போன மருதமுனைப் பிள்ளைகள் இதில் முதலில் பார்ப்பது தறியைத்தான், இல்லையா? 1898 கண்காட்சியில் இதற்குப் பதக்கம் கொடுக்கச் சொன்னார்கள், ஜெர்மன் பேரரசர் மறுத்துவிட்டார். அவருடைய நட்டம்.

பிறகு 1914, முதலாம் உலகப் போர். இளைய மகன் பீட்டருக்கு 18 வயது, படையில் சேரத் தகப்பனின் சம்மதம் வேண்டும். தகப்பன் முடியாது என்றார். மகனுக்காகக் கணவரிடம் மன்றாடி அந்தச் சம்மதத்தை வாங்கிக் கொடுத்தவர் தாய். ஒக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பீட்டர் செத்துப்போனான்.

அந்தப் போரைச் செப்புத் தகட்டில் கீறிப் பார்த்தார், சரிவரவில்லை. கல்லச்சில் முயன்றார், அதுவும் இல்லை. 1920இல் ஜெர்மன் சிற்பி ஏர்ன்ஸ்ட் பார்லாக் மரத்தில் செதுக்கி அச்செடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான் உளியை எடுத்தார். அப்போது வயது 50ஐத் தாண்டிவிட்டது. நம்மில் சிலர் மூன்றாம் வருடத்திலேயே ‘இனி எனக்கு இதுதான் ஊடகம்’ என்று முடிவெடுத்துவிடுகிறோம்!

ஏன் மரம்? செப்பில் சாம்பல் நிறத்துக்கு எத்தனையோ படிகள் உண்டு, துயரத்தை மெதுமையாகத் தடவிக் கொடுக்கலாம். மரத்தில் அந்தச் சலுகை இல்லை. வெட்டினது வெள்ளை, விட்டது கறுப்பு. ‘போர்’ வரிசையில் ஏழு படங்கள். இந்த ‘பெற்றோர்’ படத்தில் இரண்டு பேர் முழந்தாளில். தகப்பன் கையால் முகத்தை மூடியிருக்கிறார், தாய் அவர்மேல் கவிழ்ந்து கிடக்கிறாள். எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று விரலால் தொட்டுத் தேடுங்கள், அகப்படாது. இரண்டு உடலும் ஒரே கறுப்பு. அதற்குள் சில வெள்ளைக் கீறல்கள், அவ்வளவுதான்.

பீட்டரின் மயானத்துக்காகச் செய்த பெற்றோர் கற்சிலைகள் 1932இல்தான் அங்கே போய்ச் சேர்ந்தன. மகன் வாழ்ந்த 18 வருடமே அதற்கும் எடுத்தது. அடுத்த வருடம் ஹிட்லரின் நாசிக் கட்சியினர் கோல்விட்ஸைப் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து விலக வைத்தார்கள். பீட்டரின் பெயரையே வைத்திருந்த பேரன் 1942இல் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிய இரண்டு கிழமைக்குச் சற்று மேல் இருக்க, 1945 ஏப்ரல் 22இல் இவரும் கண்மூடினார்.

சரி, நேரமாகுது. மேசையில் லினோவும் (மரத்துக்குப் பதிலாக வெட்டும் மென்மையான தகடு) உளியும் இருக்கு. அச்சடிக்கும் பிரஸ் இல்லை என்று யோசிக்க வேண்டாம், தாளை மேலே வைத்துச் சாப்பாட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் மை ஏறும். எழுத்து வெட்டுகிறவர்கள் தலைகீழாய் அல்ல, இடம்வலமாய் மாற்றி வெட்டுங்கள். போன முறை என் பெயரை நானே பிழையாக வெட்டினேன். தம்பி, அந்த ஃபேனை நிறுத்துங்கோ, தாள் பறக்குது.