இருண்ட வானம் தரும் ஒளி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வருகை தந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, அரங்கைத் தந்துதவிய தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விண்வெளித் தொலைநோக்கிகள் காட்டிய நெபுலாக்கள் என்னும் வாயு, தூசு மேகங்கள், வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்கள், பேரண்டத்தின் தொடக்கக் கால விண்மீன் திரள்கள் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேடைதோறும் நான் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: சிறுதுளி பெருவெள்ளம். வானியலுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் துணிபு.

1990-இல் விண்ணேறிய ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, விளிம்பில் தலைமுடிப் பருமனுக்கும் மிகக் குறைவான அளவு கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்ததால், படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். அவ்வளவு பாடுபட்டு மீட்ட கருவியில் சில மணி நேரமாவது கிடைக்காதா என்று உலகெங்கும் ஆய்வாளர்கள் காத்திருந்தபோது, பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தம் பொறுப்பில் இருந்த நேரத்தைக் கொண்டு, சப்தரிஷி மண்டலத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றிய ஓர் இருண்ட மூலையைப் பத்து நாட்கள் நோக்கச் செய்தார். முழுநிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கே வரும் இடம் அது. வீண்வேலை என்று மூத்த அறிஞர்கள் சிலர் எச்சரித்தும் அவர் பின்வாங்கவில்லை. 1995 டிசம்பரில் எடுத்த 342 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது, வெறுமை என்று எண்ணிய அந்த இடத்தில் ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள் தெரிந்தன! துளித்துளியாக வந்த ஒளிதான் அத்தனையும், சிறுதுளி பெருவெள்ளம்.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, 6.5 மீட்டர் ஆடியால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திரட்டுகிறது. பேரண்டம் விரிவதால், நெடுந்தொலைவிலிருந்து நெடுங்காலம் பயணித்து வரும் பழைய ஒளியின் அலைநீளம் நீண்டு அகச்சிவப்பாகிவிடுகிறது; ஆகவேதான் பேரண்டத்தின் தொடக்கமான பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட நிறையாத காலத்துத் திரள்களையும் அதனால் காண முடிகிறது. கோள்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: 2022-இல், வேற்று விண்மீன் ஒன்றைச் சுற்றும் வாஸ்ப்-39பி என்னும் கோளின் வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை அதே தொலைநோக்கி உறுதிசெய்தது.

நெபுலாவைக் காண விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. மார்கழி இரவில், திருவாதிரை மீன் ஒளிரும் ஓரியன் மண்டலத்தில், வரிசையாய் நிற்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே, புகைபோல் ஒரு திட்டு வெறுங்கண்ணுக்கே தெரியும். சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் நெபுலா அது. ஹபிள் எடுத்த அதன் படத்தைக் கைப்பேசியில் பார்க்கும் நம் பிள்ளைகள் வானில் அதைக் காண முடியாதபடி, நம் தெருவிளக்குகள் மேல்நோக்கியும் ஒளியை வீணே இறைக்கின்றன. விளக்குக்கு விளக்கு மேல்மூடி பொருத்தினால் போதும்; இங்கும் சிறுதுளிதான் பெருவெள்ளம்.

பேரூராட்சித் தலைவர் அவர்கள் முதலில் இந்தப் பள்ளித் தெருவின் விளக்குகளுக்கு மூடி போட்டுத்தர வேண்டுகிறேன். அதற்கான மனு வாயிலில் இருக்கிறது. பெரியோர்கள் அனைவரும் கையெழுத்திட்டுச் செல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.